உன் அப்பாவின் பேஸ் கிடாருக்கு நான் சுருதி பார்த்த வருஷங்கள்

தம்பி,

நீயும் எஸ்தரும் பூனாவுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக நீ அடித்த தந்தி நேற்று மத்தியானம் வந்தது. தந்திக்காரர் கதவைத் தட்டியபோது நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டுக்குள்ளேதான் இருந்தார், ஆனால் தட்டியது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டம்மா வாங்கி வைத்திருந்து நான் வந்ததும் கொடுத்தார்கள். அப்பாவிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை. அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். பிறகு, “அம்புட்டுத்தானா?” என்று கேட்டார். “தந்தியில அம்புட்டுத்தான் அடிக்க முடியும்” என்று அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் அதில் எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அம்மா இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரை ஸ்டேஷனில் நீ என்னிடம் சொல்லிக்கொண்டாய், சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டாய், உன் மாமனார் மாமியாரிடம் சொல்லிக்கொண்டாய். அப்பா தூண் பக்கத்தில் உங்கள் தண்ணீர்க் கூஜாவைப் பிடித்தபடி நின்றிருந்தார். கூஜாவை வாங்கிக்கொண்டாய், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி நகர்ந்தபோது அவர் கையை ஆட்டினார். ஜன்னலில் எஸ்தரின் கை மட்டும்தான் தெரிந்தது. உன் கல்யாண வரவேற்பு நாளில் நடந்ததை நீ இன்னும் மனசில் வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தல்லாகுளத்து மண்டபத்தில் உன் மாமனார் ஏற்பாடு செய்திருந்த மெல்லிசைக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் சின்னப் பையன்கள், எல்லாமே புதுச் சாமான்கள். ஏதோ ஒரு பாட்டின் நடுவில் ஸ்பீக்கரிலிருந்து ‘கீ’யென்று ஒரு சத்தம் எழுந்தது. நானும் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திய கையை எடுப்பதற்குள் அப்பா மேடைமேல் ஏறிவிட்டார். பட்டுச் சட்டையோடு பேஸ் கிடார்க்காரப் பையனின் ஸ்பீக்கர்ப் பெட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார், உள்ளங்கையை அதன்மேல் வைத்தார், ஒரு குமிழைத் திருகினார். சத்தம் இரண்டு மடங்காக ஏறியது. “பெருசு, கையை எடுங்க!” என்று அந்தப் பையன் மைக்கிலேயே கத்தினான். மண்டபமே சிரித்தது. உன் ஆபீஸ் சிநேகிதர்களும் சிரித்தார்கள். நீ மாலையோடு எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, “எறங்குங்கப்பா, மானம் போகுது” என்றாய். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் சொல்லியிருப்பாய். கேட்கவில்லைதான். ஆனால் உதட்டைப் பார்த்துப் படிக்க அவர் பழகிப் பல வருஷமாகிறது.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாலையும் கழுத்துமாக நிற்கிற எவனுக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் ஏன் ஏறினார் என்பது உனக்குத் தெரியாது. அப்பாவுக்குக் காது போனது தெரியும், முன்பு கச்சேரியில் வாசித்தார் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நடந்ததை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. எங்கே ஆரம்பித்துச் சொல்வதென்று தெரியாமலே காலம் போய்விட்டது.

பழங்காநத்தத்து வீட்டில் நாம் குடியேறியபோது நீ கைக்குழந்தை. அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீசில் கிளார்க் வேலை. சாயங்காலங்களில் செல்வராஜ் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார். செல்வராஜ் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். அக்கார்டியன் வாசிப்பார், வீட்டுக்கு வந்தால் உன்னைத் தூக்கி அலமாரி மேல் உட்கார வைப்பார். அந்தக் கிடாரை மெட்ராசில் ஓட்டலில் வாசித்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனார். நாலே கம்பி, ஒவ்வொன்றும் கிணற்றுக் கயிறு மாதிரி தடிமன். பாட்டில் அது தனியாகக் கேட்காது, தரையிலிருந்து வருவது போல அடியில் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குப் பாட்டில் அக்கறை கிடையாது. நான் கணக்கு டீச்சர். கோயிலில் பாமாலை பாடும்போதுகூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கெடுக்க வேண்டாமென்று வாயை மட்டும் அசைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிடாரைப் பாய்மேல் கிடத்துவார். கம்பி புதிதாக வேண்டுமானால் மெட்ராசுக்குச் சொல்லிவிட வேண்டும், வர மாதக்கணக்காகும். ஆகையால் பழையதையே கழற்றி, சோடா உப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்க வைப்பார். விரல் வேர்வையும் அழுக்கும் கம்பியின் சுற்றுக்குள் போய் அடைந்து சத்தத்தை மந்தமாக்கிவிடும், கொதித்தால் அது வெளியே வந்துவிடும். நான் சோற்றுப் பானையைத் தேடினால் அதற்குள் கம்பி வெந்துகொண்டிருக்கும். “வேற சட்டியே கிடைக்கலையா?” என்று கத்துவேன். “டீச்சரம்மா, கம்பி என்ன மீனா, வாடை அடிக்க?” என்பார். கிடாரின் கழுத்துக்கட்டைக்குள் நீளமாக ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. சித்திரை வெயிலில் கட்டை ஒரு பக்கம் வளையும், ஐப்பசி மழையில் மறுபக்கம். தலைமாட்டில் இருக்கிற திருகைக் கொஞ்சமாகத் திருப்பி அதை நேராக்குவார். கண்ணை ஒருக்களித்து, துப்பாக்கி பிடிக்கிறவர் மாதிரி கட்டையின் நீளத்துக்கும் பார்ப்பார். அதற்குமேல் அன்றைக்குத் தொடமாட்டார். “மரம் பழகணும். அவசரப்பட்டா உள்ள இருக்க கம்பி முறிஞ்சுரும், அப்புறம் விறகுதான்” என்பார்.

ஆம்ப்ளிஃபையர் நம் ஊர் ரேடியோ மெக்கானிக் ஒருவர் செய்து கொடுத்தது. கண்ணாடி வால்வு போட்டது, ஸ்விட்சைப் போட்டால் சூடேறிச் சிவந்த பிறகுதான் பேசும். பலகைப் பெட்டிக்குள் சாப்பாட்டுத் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர். கச்சேரிக்குப் போகிற ஊரில் முதலில் எர்த் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இல்லாவிட்டால் ஓர் இரும்புக் குழாயைத் தரையில் அடித்து இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, வயரைக் கட்டிவிட்டுத்தான் கிடாரைத் தொடுவார். அவருடைய காது எப்படிப்பட்டது என்றால், பள்ளிக்கூட வராந்தாவில் டியூப்லைட் இரைவதைக் கேட்டு அது என்ன சுருதி என்று சொல்வார். நான் சிரிப்பேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நீ மூன்றாவது படித்த வருஷம், கிடாரின் சத்தம் மங்கிவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார். கம்பியைக் கொதிக்க வைத்தார். அடுத்த வாரமும் அதையே சொன்னார், திரும்பவும் கொதிக்க வைத்தார். மெட்ராசுக்குச் சொல்லிப் புதுக் கம்பி வரவழைத்தார். அதுவும் மங்கலாகத்தான் இருக்கிறதாம். கிடாரை ஆம்ப்ளிஃபையரோடு இணைக்கிற வயரை அறுத்துப் புதிதாக ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தார். வால்வுகளை மாற்றினார். ஸ்பீக்கரின் காகிதத்தில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். கழித்துக்கொண்டே போனால் கடைசியில் எது மிஞ்சும் என்று கணக்கு டீச்சரான எனக்குத் தோன்றியிருக்கலாம், தோன்றவில்லை. அதே நாட்களில் நீ என்னிடம் வந்து, “அப்பா நான் சொல்றதக் காதுலயே வாங்க மாட்றாரும்மா” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். உன் குரல் அப்போது சன்னமான குரல். அவரிடமிருந்து முதலில் போனவை பால்காரர் மணி, குருவிச் சத்தம், பிறகு நீ. நம் மூன்று பேருக்குமே அது தெரியாது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். கிடாரை மடியில் வைத்திருந்தார், ஆம்ப்ளிஃபையர் எரிந்துகொண்டிருந்தது. “டீச்சரம்மா, இதக் கேளு. உனக்குத் தோணுறதச் சொன்னாப் போதும். மங்கலா இருக்கா, தெளிவா இருக்கா?” என்று ஒரு கம்பியைத் தட்டினார். கழுத்துக்கட்டையின் பன்னிரண்டாவது கட்டத்தில் விரலை லேசாக ஒட்டி எடுத்தால் மணி அடித்தது போல ஒரு சத்தம் வரும், அது. எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

“கணீர்னு இருக்கு” என்றேன்.

“நெசமாத்தானா?”

“நெசமாத்தான். கோயில் மணி மாதிரி இருக்கு.”

திரும்ப ஒருமுறை தட்டினார். என் முகத்தைப் பார்த்தார். “அப்ப காதுதான்” என்றார். ஆம்ப்ளிஃபையரை அணைத்தார், வயரைச் சுருட்டினார், கிடாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் சாப்பிட வந்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன்.

காது டாக்டரிடம் போனோம். அவர் நல்லவர், பொறுமையாகச் சொன்னார். நரம்பு தேய்கிறது, ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றதாலும் இருக்கலாம், வம்சத்தில் வந்ததாகவும் இருக்கலாம், எதுவானாலும் போனது திரும்பாது, மிச்சமும் போகும், எவ்வளவு நாளில் என்று சொல்ல முடியாது. சட்டைப் பையில் வைக்கிற பெட்டியும் காதுக்கு ஒரு வயருமாக ஒரு மிஷின் கொடுத்தார். அப்பா அதைக் கொஞ்ச நாள் மாட்டிப் பார்த்தார். தெருவில் போகிற லாரியும் நான் பாத்திரம் கழுவுவதும் ஒரே இரைச்சலாகத் தலைக்குள் வந்து விழுந்தனவாம். கழற்றி என் கையில் கொடுத்தார். “இதுவும் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர்தான். ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சுன்னா ஆம்ப்ளிஃபையர எம்புட்டு ஏத்தி என்ன பிரயோசனம்?” என்றார். ஸ்பீக்கர் கிழிந்தால் அவர் மெல்லிய காகிதமும் பசையும் வைத்து ஒட்டுவார். மிஷினின் வயரைச் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

அப்படித்தான் நான் அவருக்குச் சுருதி பார்க்க ஆரம்பித்தேன். ஊதினால் ஒரே ஸ்வரம் கொடுக்கிற சின்னக் குழல் ஒன்று உண்டு. அதை நான் ஊத, அவர் கம்பியைத் தட்ட, “மேல”, “கீழ” என்று நான் கையால் காட்ட வேண்டும். பாட்டு வராதவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பார். முதல் கம்பி சரியானதும் மீதியை அவரே பார்த்துக்கொள்வார். கிடார் உடம்பின் மேல்பக்கம் கொம்பு மாதிரி நீண்டிருக்கிற மரத்தில் பல்லை அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு கம்பியைச் சேர்த்துத் தட்டுவார். சுருதி நெருங்க நெருங்கச் சத்தம் அலை மாதிரி மெதுவாகிக்கொண்டே வந்து, சேர்ந்த இடத்தில் நின்றுவிடும். அந்த அலை பல் வழியாக மண்டைக்குள் தெரியும் என்றார். நின்றதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். சில நாள் எனக்கே சந்தேகமாக இருக்கும். அப்போதும் அவர் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். என்னை விட்டால் கேட்க அவருக்கு வேறு ஆள் இல்லை.

கச்சேரிகளுக்கு நானும் போக ஆரம்பித்தேன். மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கருக்கு ஒட்டினாற்போல் வெறுங்காலோடு நிற்பார். பலகை அதிர்வது பாதம் வழியாக ஏறும். தாளம் தப்பாது. ஆனால் பாட்டு எங்கே முடிகிறது என்பது பாதத்துக்குத் தெரியாதே. ஒருநாள் செல்வராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலி போட்டார், டீ வாங்கி வந்து கொடுத்தார், எதிரிலேயே உட்கார்ந்தார். அண்ணன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

“டீச்சர், நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக. மாப்ள பாட்டு நின்னப்புறமும் நாலு தட்டு தட்டுறான். மூணு கச்சேரியா பாக்குறேன். அவனுக்குக் கேக்குதா, கேக்கலையா?”

அப்பா சிரித்த முகமாக அண்ணன் வாயைப் பார்ப்பார், பிறகு என் வாயைப் பார்ப்பார். உதட்டைப் படிக்க அப்போது அவருக்கு அவ்வளவாகப் பழகவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

“கேக்கலண்ணே” என்றேன்.

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். “சரி, கேக்காட்டிப் போகுது. டிரம்ஸ்காரப் பையனப் பாட்டு முடியுற எடத்துல தலையாட்டச் சொல்லுறேன். இவன் அவனப் பாத்து வாசிக்கட்டும். நான் இருக்கற வரைக்கும் இவந்தான் எனக்கு பேஸு” என்றார். எழுந்து அப்பா தோளைத் தட்டினார். அவர் போன பிறகு, “என்ன சொன்னாரு?” என்று அப்பா கேட்டார். சொன்னேன். “நல்ல மனுசன்” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், தம்பி. டாக்டரும், அண்ணனும், தலையாட்டிய அந்தப் பையனும். யார்மேலாவது கோபப்படலாமென்றால் அதற்கும் வழியில்லாமல் இருந்தது.

திருமங்கலத்தில் ஒரு பஞ்சு வியாபாரி வீட்டுக் கல்யாண வரவேற்பு. சரியான கோடை. சாமான்களை வேன் கூரைமேல் கட்டிக்கொண்டு மத்தியான வெயிலில் போயிருந்தார்கள். உனக்கு லேசாகக் காய்ச்சல், உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நான் பஸ்சில் போனேன். அப்பா எர்த் பார்த்தார். நான் குழலை ஊதினேன். பெஞ்சுகளைச் சேர்த்துப் பலகை பரப்பிய மேடை, அதிர்வு நன்றாக ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டார். பொழுது சாயத் தொடங்கும்போது கச்சேரி ஆரம்பித்தது. நான் மேடை ஓரத்தில், ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலாவது பாட்டோ ஐந்தாவது பாட்டோ. அப்பா நன்றாக அதிர்வு தெரிய வேண்டுமென்று ஸ்பீக்கரை முதுகால் தொடுகிற அளவுக்கு ஒட்டி நின்றிருந்தார். திடீரென்று ஓர் ஊளை கிளம்பியது. மெல்லியதாகத் தொடங்கி, கூர்மையாகி, ஏறிக்கொண்டே போனது. பாடின பெண் பாட்டை நிறுத்திவிட்டாள். அக்கார்டியன் நின்றது. டிரம்ஸ் பையன் குச்சியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். பந்தலில் அத்தனை பேரும் காதைப் பொத்தினார்கள், குழந்தைகள் அலறின, சமையல்காரர்கூடக் கரண்டியோடு வெளியே வந்தார். “ஏய், நிப்பாட்டுங்கடா!” என்று பின்னாலிருந்து சத்தம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த ஊளை கேட்காது, அது பாதத்திலும் ஏறாது. அவருடைய பேஸ் மட்டும் அவருக்குப் பலகையில் தெரிந்துகொண்டிருந்தது. சின்னதாய் ஒரு சிரிப்புகூட இருந்தது முகத்தில். அன்றைக்கு வாசிப்பு நன்றாக வருகிறது என்று நினைத்திருக்கிறார்.

அண்ணன் கையை ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து போய் அவர் தோளைத் தொட்டிருக்கலாம். அவ்வளவு பேர் பார்க்கிற மேடையில் ஏற எனக்குக் கால் வரவில்லை. பக்கத்திலிருந்த ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

ஊளை நின்றது. அப்பாவின் விரல் மேலும் சில தட்டுத் தட்டியது. பிறகு நின்றது. கண்ணைத் திறந்து அவர் முதலில் ஆட்களைப் பார்க்கவில்லை. குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். பிறகுதான் நிமிர்ந்தார். பந்தல் முழுக்கக் காதில் கை வைத்த ஜனங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் என்னிடம் வந்தார். என் கை இன்னும் ஸ்விட்ச்மேல் இருந்தது.

“என்ன சத்தம்?” என்று கேட்டார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த அமைதியில் அது பந்தல் கடைசிவரை கேட்டது. “ஊளை” என்று வாயசைத்தேன். “எம்புட்டு நேரமா?” என்றார். “இப்பத்தான்” என்றேன்.

செல்வராஜ் அண்ணன் மைக்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து அவர் தோளில் கை போட்டார். “மிஷின் கோளாறு மாப்ள. வெயில்ல வந்ததுல. சரி பண்ணிக்கிரலாம்.” அண்ணன் வாயைக் கவனமாகப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: “மிஷின்ல ஒண்ணும் இல்லண்ணே. நான் ஒட்டி நின்னுட்டேன்.” கிடாரைக் கழற்றி வைத்தார். எர்த்துக்கு அடித்த குழாயைத் தரையிலிருந்து பிடுங்கி மண்ணைத் துடைத்தார். மீதிக் கச்சேரி பேஸ் இல்லாமல் நடந்தது.

பஸ்சில் திரும்பி வரும்போது கப்பலூர் தாண்டினதும் பேச ஆரம்பித்தார். கம்பிகளுக்கு அடியில் காந்தத்தைச் சுற்றி மயிரிழைக் கம்பி வைத்த ஒரு பெட்டி இருக்கிறது, அது அசையாமலிருக்க மெழுகில் முக்கியிருப்பார்கள், வெயிலில் மெழுகு இளகியிருக்கும், ஸ்பீக்கர் பக்கத்தில் போனால் அதன் சத்தத்தையே திரும்பப் பிடித்து ஊளையிடும், என்று எனக்குப் பாடம் எடுப்பது போல விளக்கினார். விரலால் முன் சீட்டின் கம்பிமேல் வரைந்துகூடக் காட்டினார். எல்லாம் சொல்லிவிட்டு, “எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு இருந்தாக” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தியை உருக்கி, அந்தச் சுற்றை எடுத்து முக்கி ஆறவைத்து, திரும்பப் பூட்டினார். என்னைக் கேட்கச் சொன்னார். ஊளை இல்லை, கணீரென்று இருந்தது. சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகு கிடாரைப் பெட்டியில் வைத்தார். ஆம்ப்ளிஃபையரைக் குழுவுக்கே கொடுத்தனுப்பினார். அண்ணன் வந்து எவ்வளவோ கூப்பிட்டார், போகவே இல்லை. நீ என்னிடம் வந்து, “அப்பா ஏன் கச்சேரிக்குப் போகலை?” என்று கேட்டபோது, “மிஷின் ரிப்பேர்” என்றேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். உன் வரவேற்பில் அவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து பின்னால் திரும்பி, மேடையை அல்ல, ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், உன் கல்யாணத்துக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று. எல்லார் கையும் காதுக்குப் போனது. பேஸ் கிடார்ப் பையன் முழித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்துத்தான் ஏறினார். ஏறினவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னார்: “எந்த நாபத் திருகணும்னு தெரியல டீச்சரம்மா. எல்லாம் புது மாதிரியா இருந்துச்சு. கைய வச்சாத் தெரிஞ்சுரும்னு நெனச்சேன். தெரியல.” பிறகு, “அவனுக்கு அவமானமாப் போச்சு” என்றார். உன்னைச் சொன்னார். தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை.

கல்யாணமாகிப் போகிற பிள்ளைக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எஸ்தருக்கோ உனக்கோ இப்படி ஒன்று வரக்கூடாதென்று தினமும் ஜெபிக்கிறேன். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. எதையும் பிரித்து மாட்டிச் சரிசெய்கிற மனுஷனோடு இத்தனை வருஷம் வாழ்ந்தேன், அவருக்கு ஒன்று பழுதானபோது கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் ஏதாவது மங்கலாக இருக்கிறது என்று சொன்னால், கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார். அவள் கேட்பதற்கு முன்னால் போ. எனக்கு அது தோன்றாமல், அவர் கூப்பிட்ட பிறகுதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை ஃபோனுக்குக் கூப்பிடுவதாக எஸ்தர் ஸ்டேஷனில் சொன்னாள். அதை அப்பாவிடம் சொன்னேன். “நானும் வாரேன்” என்றார். “உங்களுக்குத்தான் ஃபோன் கேக்காதே” என்றேன். “நான் பேசுறது அவனுக்குக் கேக்குமுல்ல” என்றார். என்ன பேசப்போகிறார் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. சாயங்காலமெல்லாம் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஏதோ சொல்லிப் பழகுகிறார். ஆகையால் நான் ஃபோனை அவரிடம் கொடுத்ததும் நீ வைத்துவிடாதே. நடுவில் பதில் சொல்லாதே, நீ பேசுவது தெரியாமல் அவர் பேசிக்கொண்டே இருப்பார். சத்தமாகப் பேசுவார், கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். முடிக்கிறவரை நீ லைனில் இரு. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அதை ஃபோனில் கேட்காதே. ஃபோனில் கேட்டால் அது எனக்கு மட்டும்தான் கேட்கும், எனக்கு அது வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வருகிறபோது பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாக, அவர் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகச் சொல்.

அம்மா